மேல் தட்டு உறையாத நெட்டை ஃப்ரீசர்: கேஸ் நிரப்புவதற்கு முன் பனியைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: தானாகப் பனி நீக்கும் வகையைச் சேர்ந்த நெட்டை ஃப்ரீசர் நான்கு ஆண்டுகளாக வீட்டில் ஓடுகிறது, இப்போது மேல் இரண்டு தட்டுகளில் இருப்பவை இளகிவிடுகின்றன, கீழ் இழுப்பறைகளில் இருப்பவை மட்டும் கல்லாக உறைகின்றன, உள்ளே பின்பலகையில் வெண்பனி படர்ந்திருக்கிறது, பார்க்க வந்த மெக்கானிக் கேஸ் போய்விட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார், ஒப்புக்கொள்ளலாமா, இனி எப்படிப் பராமரிப்பது?

ஒப்புக்கொள்வதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள் என்பதே என் பதில். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேஸ் குறைந்ததைவிட, பனி நீக்கும் ஏற்பாடு நின்றுபோனதையே கூடுதலாகக் காட்டுகின்றன. நான் மெக்கானிக் அல்லன். தூத்துக்குடியில் கடற்காற்று நேராக வந்து மோதும் வீட்டில், மீனும் தேங்காய்த் துருவலும் சேர்த்துவைப்பதற்காக 2018-இல் இதே வகை ஃப்ரீசரை வாங்கியவன். 2022 ஐப்பசி மழையின்போது இதே கோளாறு வந்து, இதே சொல்லை நம்பிக் கேஸுக்குப் பணம் கொடுத்து, ஒன்பதாம் நாள் மேல் தட்டில் இருந்த சீலா மீன் துண்டு விரல் பட்டதும் அமுங்குவதைப் பார்த்தவன்.

அந்த ஒன்பது நாள்தான் எனக்கு உண்மையைக் காட்டியது. கேஸ் நிரப்பியதும் ஃப்ரீசர் புதிதுபோல் ஓடியது. ஆனால் அது கேஸால் வந்த குணம் அன்று. வேலைக்காக முந்தைய இரவே அணைத்து, கதவைத் திறந்துவைத்திருந்தோம். பலகைக்குப் பின்னால் கட்டியிருந்த பனி முழுவதும் அந்த இடைவெளியில் உருகி வழிந்துவிட்டது. காற்று போக வழி கிடைத்ததால் எல்லாத் தட்டுகளும் உறைந்தன. பனி மறுபடியும் கட்டியதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது.

இது ஏன் என்று விளங்க, பலகைக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வகை ஃப்ரீசரில் குளிர்ச்சி தரும் காயில் (சுருள் குழாய்) கண்ணுக்குத் தெரியாமல் பின்பலகைக்குள் இருக்கிறது. ஒரு சிறிய விசிறி அதன் தகடுகளின் ஊடே காற்றை இழுத்துத் தட்டுகளுக்கு அனுப்புகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரம் காயில்மீது பனியாகப் படியும். கம்ப்ரசர் சில மணி நேரம் ஓடியபின் டைமரோ போர்டோ அதை நிறுத்தி, காயிலோடு ஒட்டியிருக்கும் ஹீட்டரை அரைமணி நேரம் போலச் சூடாக்கிப் பனியை உருக்கும். அந்த நீர் அடியிலுள்ள துளை வழியாகக் கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து, கம்ப்ரசரின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஹீட்டரோ, அதைக் கட்டுப்படுத்தும் பைமெட்டல் என்ற வெப்பச் சுவிட்சோ, சென்சாரோ, டைமரோ, இவற்றில் ஒன்று கெட்டாலும் பனி உருகாமல் அடுக்கடுக்காகக் கட்டி, தகடுகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைத்துவிடும். கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், காயில் குளிர்ந்தே இருக்கும், ஆனால் அந்தக் குளிர் தட்டுகளுக்கு வந்து சேராது. சில சமயம் விசிறியின் இறக்கை பனியில் உரசிக் கடகடவென்று ஒலி வரும். கதவைத் திறந்ததும் அந்த ஒலி நின்றால் ஐயமே வேண்டாம், ஏனெனில் பல மாடல்களில் கதவு திறந்ததும் விசிறி நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை, பனி எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்ப்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றுங்கள். பனி பிடித்துப் பலகை வர மறுத்தால் நெம்பாதீர்கள், சற்று இளகவிடுங்கள். காயில் முழுவதும் மேலிருந்து கீழ்வரை வெண்மையாக, தகடே தெரியாமல் மூடியிருந்தால் கேஸ் இருக்கிறது, கெட்டது பனி நீக்கும் பகுதி. காயிலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு சுற்றுகளில் மட்டும் பனி உருண்டையாகக் கட்டி, மற்ற சுற்றுகள் வெறுமையாக இருந்தால்தான் கேஸ் குறைவு என்ற பேச்சுக்கு இடமுண்டு. காயிலில் பெரிதாக ஒன்றும் இல்லாமல், கதவோரத்திலும் முன்பக்கத்துப் பொட்டலங்களின்மேலும் தூள்போலப் பனி படிந்திருந்தால் குற்றவாளி கதவு ரப்பர். உருக்குவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உருகிய பிறகு யார் என்ன சொன்னாலும் மறுக்க உங்களிடம் சான்று இருக்காது.

அதன்பின் உள்ளே இருப்பவற்றை அக்கம்பக்கத்தார் ஃப்ரீசரில் ஒதுக்கிவிட்டு, கதவைத் திறந்தபடி ஒரு நாள் முழுவதும் அணைத்து வையுங்கள். மறுபடி போட்ட பிறகு நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ கோளாறு திரும்பினால் ஹீட்டர் வரிசையைச் சோதிக்க வேண்டும். போட்ட மறுநாளே, முழுக்க உருக்கியும், காயில் சரியாகக் குளிரவில்லை என்றால் கேஸ் கசிவு அல்லது கம்ப்ரசர் கோளாறு என்ற திசையில் போகலாம். கேஸ் என்பது அடைத்து மூடிய குழாய்க்குள் சுற்றுவது. வண்டிப் பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பின்பக்க லேபிளில் ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக்கூடியது. வீட்டு ஃப்ரீசரில் அதன் அளவு சில பத்துக் கிராம்களே, எனவே தராசில் எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். கசிவு இருக்குமோ என்ற நிலையில் அந்த இடத்தில் தீக்குச்சி, லைட்டர் எதுவும் கூடாது.

ஹீட்டர் வரிசையைச் சோதிப்பது மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கடினமில்லை, ஆனால் பிளக் வெளியே இருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டர் என்றால் ஏறத்தாழ 350 ஓம் காட்ட வேண்டும்; எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. பைமெட்டலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது குளிரில் மூடிக்கொண்டு மின்சாரத்தை விடும், சூட்டில் திறந்துகொள்ளும் பொருள். அறை வெப்பத்தில் சோதித்தால் நல்ல பைமெட்டலும் இணைப்பு இல்லை என்றே காட்டும். என் வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவர் அதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, சமையலறை ஃப்ரிட்ஜின் உறைப்பெட்டியில் அரைமணி நேரம் போட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் இணைப்பு வரவில்லை. அதன் மூடியில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு, உள்ளே ஈரம். மாற்றுவதற்கு ஆன செலவு, கேஸுக்கு நான் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு. சில மாடல்களில் பைமெட்டலோடு ஒரு ஃப்யூஸும் சேர்ந்திருக்கும். அது ஒருமுறை போனால் போனதுதான், குளிர வைத்தாலும் திரும்பாது.

உங்களுடையது தானாகப் பனி நீக்கும் வகை என்பதால் கைப்பட உருக்கும் வகையைப் பற்றி ஒன்றே ஒன்று மட்டும்: அரை அங்குலம் சேரும்வரை காத்திராமல், கால் அங்குலத்துக்குள் உருக்கிவிட வேண்டும், அதற்குக் கத்தியைத் தொடக் கூடாது. எங்கள் மதினி பனியில் புதைந்த ஒரு இறால் பொட்டலத்தை எடுக்க அரிவாள்மணை முனையால் தட்டினார். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அந்தத் தட்டின் அலுமினியக் குழாயில் துளை விழுந்து ஃப்ரீசரே பழைய இரும்புக்குப் போனது. வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் பனி பாளம் பாளமாகக் கழன்று வரும்.

கதவு ரப்பருக்கு வருகிறேன். நெட்டை ஃப்ரீசரின் பலவீனமே அதன் கதவுதான். மேலே திறக்கும் பெட்டி வகையில் குளிர்க்காற்று கனமானதால் உள்ளேயே தேங்கி நிற்கும். இதிலோ கதவைத் திறந்ததும் அது காலடியில் கொட்டிவிடும், அந்த இடத்துக்கு ஈரக்காற்று ஏறிவிடும். மழைக்காலத்தில் கோளாறுகள் கூடுவதற்கு இதுவே காரணம். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடிப்பின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் எரியும் கைபேசியை உள்ளே வைத்துச் சாத்தினாலும் ஒளிக்கீற்று காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் ரப்பரை மாற்ற வேண்டியதில்லை. மீன் நீரும் மாவும் காய்ந்து மடிப்புகளில் ஒட்டியிருக்கும், சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். வளைந்துபோன இடத்தை ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் நீவிவிடலாம். முன்கால்களை ஒரு திருகு உயர்த்தி, ஃப்ரீசர் மிகச் சற்றே பின்னால் சாய்ந்து நிற்கும்படி செய்தால் கதவு தானே சாத்திக்கொள்ளும். சாத்திய உடனே மறுபடி திறக்க முயன்றால் கதவு இறுகிக்கொள்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். உள்ளே புகுந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால் வரும் இழுப்பு அது, ரப்பர் நன்றாக இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

உள்ளே தரையில் பனிக்கட்டித் தகடும் வெளியே தரையில் நீரும் தெரிந்தால் காயிலுக்கு அடியிலுள்ள வடிகால் துளை அடைத்திருக்கிறது. ஊசி இல்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரைச் செலுத்துங்கள், கீழ்த்தட்டில் நீர் விழும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது.

கம்ப்ரசர் ஓடாமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை டிக் என்று மட்டும் ஒலித்தால் உடனே கம்ப்ரசர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், அல்லது கம்ப்ரசரின் பக்கத்தில் செருகியிருக்கும் ஸ்டார்ட் ரிலே கெட்டிருக்கலாம். ரிலேயைக் கழற்றிக் காதருகே ஆட்டும்போது உள்ளே உடைந்த துண்டு கலகலத்தால் அதை மாற்றிப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தவுடன் கம்ப்ரசரைக் கிளப்பக் கூடாது. குழாயின் இரு பக்கத்து அழுத்தமும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடமாவது வேண்டும். நேரத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் இதைப் பார்த்துக்கொள்ளும். வேறு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது படுக்கவைத்திருந்தால் எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பும்வரை சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே போட வேண்டும்.

இடம் பற்றி: லேபிளில் காலநிலை வகை என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். டி (T) என்றால் சுற்றுப்புறம் 43 டிகிரிவரை தாங்கும், எஸ்டி (ST) 38 டிகிரிவரை, என் (N) 32 டிகிரிவரை மட்டுமே. ஓட்டுத் தாழ்வாரத்தில் சித்திரை வெயிலில் N வகையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. பக்கச் சுவர்கள் சுடுவது, வெப்பத்தை வெளிவிடும் காயில் அங்கே புதைந்திருக்கும் மாடல்களில் இயல்பு. அந்தச் சூடு வெளியேறச் சுற்றிலும் நான்கு விரல் இடமாவது விடுங்கள். காயில் பின்புறம் வெளியே தெரிந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கம்ப்ரசர் பக்கத்து இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று செம்பைத் தின்னும்.

சரக்கு அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ நீரைப் பூஜ்ஜியம் டிகிரியில் பனிக்கட்டியாக்க எடுக்க வேண்டிய வெப்பம், 80 டிகிரி வெந்நீரைப் பூஜ்ஜியத்துக்குக் குளிர்விக்கும் வெப்பத்துக்குச் சமம். சந்தையிலிருந்து பத்துக் கிலோ மீனை ஒரே மூச்சில் உள்ளே தள்ளினால், முன்பே உறைந்திருப்பவையும் இளகும். ஒரு நாளில் எத்தனை கிலோ உறையவைக்க முடியும் என்பதைப் பல கம்பெனிகள் லேபிளிலேயே அச்சிடுகின்றன. அதைத் தாண்ட வேண்டாம். பின்பலகையின் காற்றுத் துளைகளைப் பொட்டலங்களால் அடைக்காதீர்கள். உங்கள் மேல் தட்டுக்கே அது ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதால், பலகையைக் கழற்றும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்வெப்பம் மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். கதவில் மின்னும் எண்ணை நம்பாமல், பொட்டலங்களுக்கு நடுவே ஒரு தெர்மாமீட்டரை இரவு முழுதும் வைத்துக் காலையில் பாருங்கள்.

நீண்ட மின்வெட்டில், நிறைந்த ஃப்ரீசர் கதவு திறக்காதவரை இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் கோடையில் நான் அதில் பாதியைத்தான் நம்புவேன். ஊருக்குப் போகும்போது மேல் தட்டில் ஒரு டம்ளர் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போவது எங்கள் வீட்டு வழக்கம். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. நடுவில் இறங்கி உறைந்திருந்தால் பாதி உருகி மீண்டிருக்கிறது என்று பொருள், பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். அடியில் கிடந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலாவானாலும் தென்னை மூட்டில் குழி வெட்டிப் புதைத்துவிடுவோம்.