‘இஷ்யூ’ மூன்று இடத்தில் மூன்று விதமாக வரலாமா?

கேள்வி: தை மாதம் என் மகளுக்குக் காரைக்காலில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் திருமணம் செய்து கொடுத்தோம். மகளின் பிறப்புச் சான்றிதழ், டிகிரி, பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்ததால் வக்கீலிடம் எழுதி வாங்கிய அஃபிடவிட் எல்லாவற்றையும் பிரெஞ்சில் மொழிபெயர்க்கக் கொடுத்தோம். ஆங்கிலத்தில் ‘இஷ்யூ’ என்ற ஒரே சொல் மூன்று இடத்தில் வருகிறது. பிரெஞ்சில் மூன்று இடத்திலும் வேறு வேறு சொல் இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “இது தப்பு, கான்சுலேட்டில் திருப்பி விடுவார்கள், நான் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கித் தருகிறேன்” என்று பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? நானே அகராதி பார்த்துத் திருத்தினால் போதுமா? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். இந்தச் சொல்லைப் பொறுத்தவரை, முதலில் செய்து கொடுத்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஏஜென்ட் காட்டிய மாதிரிதான் தவறு.

பிறப்புச் சான்றிதழில் ‘டேட் ஆஃப் இஷ்யூ’ என்று இருக்கிறது. அது சான்றிதழை வழங்கிய நாள். பிரெஞ்சில் அதற்கு ‘தாத் தெ தெலிவ்ரான்ஸ்’ என்று எழுதுவார்கள். உங்கள் மொழிபெயர்ப்பில் அப்படியே இருக்கிறது. அஃபிடவிட்டின் இரண்டாவது பத்தியில், இந்தத் தம்பதிக்கு ‘ஒன் ஃபீமேல் இஷ்யூ’ பிறந்தது என்று வக்கீல் எழுதியிருக்கிறார். அது உங்கள் மகள். அங்கே பெண் பிள்ளை என்ற பொருளில் ‘ஃபீய்’ என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் சரி. ஐந்தாவது பத்தியில் பெயர் எழுத்து வித்தியாசம் பற்றிய ‘இஷ்யூ’ வருகிறது. அது பிரச்சினை. அதற்கு ‘ப்ரோப்லெம்’. ஆங்கிலத்தில் சொல் ஒன்றாக இருந்தாலும் இங்கே இருப்பது மூன்று தனிப் பொருள்கள். மூன்றுக்கும் ஒரே பிரெஞ்சுச் சொல்லைப் போட்டால் அந்த ஆவணத்தைப் படிக்கும் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது.

ஏஜென்ட் கொடுத்த மாதிரியில் மூன்று இடத்திலும் ‘இஸ்யு’ என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள அதே எழுத்துக்கள் பிரெஞ்சிலும் ஒரு சொல்லாக இருப்பதால் வந்த வினை இது. பிரெஞ்சில் அதற்கு வெளியேறும் வழி, முடிவு என்றுதான் பொருள். பிரான்சில் முட்டுச்சந்தின் முனையில் ‘வெளியேற வழி இல்லை’ என்று எச்சரிக்கும் பலகையில் அந்தச் சொல்தான் இருக்கும். உங்கள் மகளை அந்தச் சொல்லால் குறித்த தாளைத்தான் திருத்தம் என்று உங்களிடம் விற்கப் பார்க்கிறார். ஒரு மெஷினில் ஆங்கிலத்தைப் போட்டு வந்ததை எடுத்திருக்கிறார் என்பது பார்த்த உடனே தெரிகிறது.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அஃபிடவிட் எழுதியவர்கள் மேல்தான். பெண் பிள்ளை பிறந்தது என்று எழுத எளிய ஆங்கிலம் இல்லையா? பழைய நகலைப் பார்த்துத் தட்டச்சு செய்து, அதையே அடுத்தவருக்கும் மாற்றிக் கொடுத்து, இன்றைக்கும் கோர்ட் வாசலில் அதே வாசகம் ஓடிக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடுகிற அம்மாவுக்கு அந்த வரி புரியாது. மொழிபெயர்ப்பவருக்கும் பாதி நேரம் ஊகம்தான். அடுத்த முறை அஃபிடவிட் வாங்கும்போது, ‘மகள்’ என்று இருக்கும் இடத்தில் மகள் என்றே எழுதச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

உங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் ‘வழங்கிய நாள்’ என்று தெளிவாக இருக்கிறது, அங்கே குழப்பத்துக்கே இடமில்லை. ஆனால் ஏஜென்ட்கள் ஆங்கிலப் பகுதியை மட்டும் மொபைலில் படம் பிடித்து எங்கேயோ அனுப்புகிறார்கள். எங்கோ உட்கார்ந்து தட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது, ஊர் தெரியாது, குடும்பம் தெரியாது. ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் இருந்தால் முதல் பொருளை எடுத்துப் போடுவார். ஆகவே மொழிபெயர்ப்பாளரிடம் முழு ஆவணத்தையும், தமிழ்ப் பகுதியோடு, பின்பக்கத்தோடு கொடுங்கள். தமிழும் பிரெஞ்சும் தெரிந்தவராக இருந்தால் ஆங்கிலத்தின் வழியே சுற்றி வரவே வேண்டாம்.

உங்கள் ஆவணக் கட்டில் ‘இஷ்யூ’வை விட எனக்குக் கவலை தந்த சொற்கள் வேறு. முதலாவது ‘லேட்’. அஃபிடவிட்டில் உங்கள் கணவர் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று இருக்கிறது. மறைந்தவர் என்று பொருள், பிரெஞ்சில் ‘தெசெதே’ என்று எழுதினால் போதும். ஏஜென்ட்டின் மாதிரியில் தாமதமானவர் என்ற பொருளில் ‘ஆன் ரெதார்’ என்று இருக்கிறது. இப்படி ஒரு தாளை ஒரு குடும்பத்திடம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்க எப்படி மனசு வருகிறதோ. பிறப்புச் சான்றிதழின் பின்பக்கக் குறிப்பில் ‘லேட் ரிஜிஸ்ட்ரேஷன்’ என்று இருப்பது வேறு விஷயம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்குப் பிறகு பதிந்தால் தாமதப் பதிவு. அங்கே ‘தார்திஃப்’ வகைச் சொல் வர வேண்டும். தாமதப் பதிவுகளைப் பிரெஞ்சு அதிகாரிகள் கூர்ந்து பார்ப்பார்கள், அந்தக் குறிப்பை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் மறைத்ததாக நினைக்க இடம் உண்டு. உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் பின்பக்கம் இல்லை. அதை மட்டும், செய்தவரிடமே சேர்த்து வாங்குங்கள்.

அடுத்தது டிகிரி. ‘பாஸ்’ என்பதற்கு ஏஜென்ட் ‘பாஸே’ என்று போட்டிருக்கிறார். பிரெஞ்சில் தேர்வை ‘பாஸே’ செய்தார் என்றால் தேர்வு எழுதினார் என்று மட்டும்தான் பொருள். தேறினார் என்று சொல்ல ‘அத்மி’ அல்லது ‘ரெயுஸி’ வேண்டும். மூன்று வருடம் படித்துத் தேறிய பெண், தேர்வு மட்டும் எழுதியவள் ஆகிவிடுவாள். ‘பேச்சலர்’ என்பதை ‘பக்கலோரெஆ’ என்று போட்டிருப்பது அதைவிட மோசம், ஏனென்றால் பிரான்சில் அது பள்ளிப் படிப்பின் முடிவு, நம் பிளஸ் டூ போல. மூன்று வருடப் பட்டத்துக்கு அவர்களுடைய பெயர் ‘லிசான்ஸ்’. அதற்காக நேராக ‘லிசான்ஸ்’ என்று எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. பட்டத்தின் பெயரை அப்படியே வைத்து, மூன்று வருடப் பல்கலைக்கழகப் பட்டம் என்று விளக்கம் கொடுப்பதுதான் நேர்மை. எது எதற்குச் சமம் என்று சொல்வது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை. பிரான்சில் வெளிநாட்டுப் பட்டங்களை ஒப்பிடும் எனிக்-நாரிக் மையம் இருக்கிறது, ஒப்பீட்டுச் சான்று அவர்கள் தருவார்கள். அப்புறம், இதே ‘பேச்சலர்’ மாப்பிள்ளை வீட்டு ஆவணத்தில் திருமணம் ஆகாதவர் என்ற பொருளில் வந்தால் ‘செலிபதேர்’. டிரைவிங் லைசென்ஸை ‘லிசான்ஸ்’ என்று எழுதக்கூடாது, அது ‘பெர்மி’.

பெயர் விஷயம். ஆங்கிலப் படிவத்தில் ‘சர்நேம்’ என்றால் குடும்பப் பெயர். பிரெஞ்சில் ‘சுர்நோம்’ என்றால் பட்டப்பெயர், கூப்பிடும் பெயர். குடும்பப் பெயருக்கு அங்கே ‘நோம்’, சொந்தப் பெயருக்கு ‘ப்ரெநோம்’. ‘நேம்’ என்று ஒரே கட்டத்தில் நாம் எழுதுவதை அவர்கள் இரண்டு கட்டமாகப் பிரிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு இதில் சிக்கல் குறைவு. பிரெஞ்சு ஆட்சியில் 1881ஆம் ஆண்டு ஓர் ஆணை வந்தது. தங்கள் மரபுச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். ரெனோன்சான் என்று அவர்களைச் சொல்வார்கள். காரைக்காலில் சில குடும்பங்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் ஒட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். நம் பக்கத்தில் இனிஷியல்தான். உங்கள் மகளின் பாஸ்போர்ட்டில் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள். இனிஷியலை விரித்தோ சுருக்கியோ யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். உங்கள் பழைய ஆவணத்தில் மாயூரம், தஞ்சாவூர் மாவட்டம் என்று இருக்கிறது. மகளுடையதில் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டம். இப்போது மயிலாடுதுறையே மாவட்டம். 1991இல் ஒரு பிரிவு, 2020இல் இன்னொரு பிரிவு. ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். எல்லாம் ஒரே ஊர்தானே என்று மாற்றினால், இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை என்று கேள்வி வரும்.

இந்த வியாபாரத்தில் ஏமாற்று நடக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: சீல். ‘எம்பசி அப்ரூவ்டு’ என்று பலகை, நோட்டரி முத்திரை, சிவப்பு நாடா. நோட்டரி முத்திரை இருப்பதாலேயே மொழிபெயர்ப்பு சரி என்று ஆகிவிடாது. நம் நோட்டரிக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டிய அவசியம் இல்லை, பெரும்பாலும் மொழிபெயர்த்தவரின் கையெழுத்தைத்தான் அவர் உறுதி செய்கிறார். பிரான்சில் ‘நொத்தேர்’ என்பவர் வேறு, சொத்து, வாரிசுரிமை போன்றவற்றைப் பத்திரமாக்கும் பெரிய அதிகாரம் உள்ளவர். இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டித்தான் சிலர் நோட்டரி செலவு என்று உங்களிடம் கூடுதலாக வாங்குகிறார்கள். பிரான்சில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் பட்டியல் வைத்திருக்கின்றன. நம் நாட்டில் அப்படி ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் முறையே கிடையாது. இத்தனை பிள்ளைகள் வெளிநாடு போகிற நாட்டில் இதை ஏன் இன்னும் உண்டாக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. அந்த ஓட்டையில்தான் ஏஜென்ட்கள் கடை போடுகிறார்கள். எந்த ஆவணத்துக்குப் பிரெஞ்சு வேண்டும், யார் செய்ததை ஏற்பீர்கள் என்று புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு கான்சுலேட்டிடம் நீங்களே மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை அச்செடுத்து வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மொழிபெயர்த்தவரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். அசல் ஆவணத்தை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

நீங்களே திருத்தலாமா என்று கேட்டீர்கள். கூடாது. வேறொருவர் கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பில் நீங்கள் ஒரு எழுத்து மாற்றினாலும் அது செல்லாது. நீங்கள் பார்க்க வேண்டியது பெயர், தேதி, எண், ஊர் இவைதான். இவற்றுக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டாம். தவறு இருந்தால் செய்தவரிடமே திருத்தச் சொல்லுங்கள், அதற்குக் காசு கேட்டால் தராதீர்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளிநாட்டில் ஆவணத்தை ஏற்பதற்காக வெளியுறவு அமைச்சகம் தரும் சான்றான அப்போஸ்டில், அதற்கப்புறம் மொழிபெயர்ப்பு. தலைகீழாகச் செய்தால் அப்போஸ்டில் தாள் மொழிபெயர்ப்பில் வராமல் போகும், மறுபடி செலவு. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், வாங்கித் தரும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கென்று ரசீதில் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டாரும் இதே ஏஜென்டிடம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையின் தாத்தா காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பிறந்தவர். 1954 நவம்பர் 1 அன்றுதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. அவர் பிறந்த காலத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் எத்தா சிவில் பதிவேட்டில் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டன. அதாவது அவருடைய அசல் பதிவு ஏற்கெனவே பிரெஞ்சில் இருக்கிறது. ஆனால் பல குடும்பங்களில் நடப்பது என்ன? யாரோ பழைய பதிவை ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருப்பார்கள். ஏஜென்ட் அந்த ஆங்கிலத் தாளை எடுத்து மறுபடி பிரெஞ்சாக்குவார். பிரெஞ்சில் ஒரு பொருளோடு இருந்த சொல் ஆங்கிலத்தில் பல பொருளுள்ள சொல்லாகி, திரும்பப் பிரெஞ்சுக்கு வரும்போது வேறொன்றாகிவிடும். திருமணத்தில் பிறந்த பிள்ளை என்பதைப் பிரெஞ்சில் ‘இஸ்யு’ என்ற அதே வேரிலிருந்து வரும் சொல்லால் முறையாகவே எழுதியிருப்பார்கள், அங்கே அது சரி. ஆங்கிலத்தில் அது ‘இஷ்யூ’ ஆகி, திரும்பும்போது பிரச்சினை என்றும் வரலாம், வழி என்றும் வரலாம். பெயர்களின் எழுத்துக்கூட்டும் மாறிவிடும். பிரெஞ்சு எழுத்தர் எழுதிய பெயர் ஒன்று, ஆங்கிலத் தாளில் வேறொன்று, புதிய பிரெஞ்சில் மூன்றாவது. பிரான்சில் ஏற்கெனவே இருக்கும் பதிவோடு இது ஒட்டாது. பிரெஞ்சுக் குடிமக்களின் வெளிநாட்டுப் பதிவுகளைப் பார்க்கும் மத்திய அலுவலகம் நாந்த் நகரில் இருக்கிறது, அவர்கள் பழைய எழுத்தோடு ஒப்பிடுவார்கள். எனவே தாத்தாவின் ஆங்கிலத் தாளை மொழிபெயர்க்கவே வேண்டாம். மூலப் பதிவின் பிரெஞ்சு நகலுக்கு விண்ணப்பியுங்கள். நாள் ஆகும், இரண்டு முறை அலைய வைப்பார்கள், ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்குப் பழைய பதிவேடு எந்த அறையில் என்றே தெரியாமல் இருக்கலாம். இருந்தாலும் அதுதான் வழி.

உங்கள் மகளின் ஆவணங்களில் இப்போது செய்ய வேண்டியது இரண்டுதான்: முதலில் செய்தவரிடம் பின்பக்கக் குறிப்பைச் சேர்த்து வாங்குவது, டிகிரியில் ‘பாஸ்’, ‘பேச்சலர்’ இரண்டையும் அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படம் அனுப்புவது. டிகிரியின் மொழிபெயர்ப்புப் பக்கம் நீங்கள் அனுப்பியதில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.