காக்கைக் குச்சியும் 0.0 மி.மீ. மழையும்

கேள்வி: மொட்டை மாடியில் சின்னதாக ஒரு வானிலை நிலையம் வைத்திருக்கிறேன். ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கணினியில் வீவெக்ஸ் என்ற வானிலை மென்பொருள் ஓடுகிறது. தினமும் காலையில் மழை அளவு ஒரு படமாகி, எங்கள் தெரு டெலிகிராம் குழுவுக்கும் முகநூல் பக்கத்துக்கும் தானாகப் போக வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் படம் வரைந்து பார்த்தேன், தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. வழி சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மன்னார்குடி

பதில்: டீச்சர், எழுத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பைத்தானில் படம் வரையும் நூலகமான பில்லோவில் வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அதன் சாதாரண அமைப்புக்குத் தெரியாது. என் முதல் படத்தில் ‘மழை’யின் ஐகாரக் கொம்பு ழகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. உங்கள் வகுப்பாக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பீர்கள். எழுத்தை முறைப்படி அடுக்கித் தரும் ராக்ம் நூலகத்தை நிறுவி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள், சரியாகிவிடும்.

அனுப்புவது சுலபம். டெலிகிராமில் ஒரு பாட், அதாவது தானாகச் செய்தி போடும் கணக்கு, தொடங்கி, அதைக் குழுவில் சேர்த்துவிட்டால் போதும். முகநூலில் நீங்கள் வைத்திருப்பது பக்கம் என்பதால் அதற்கும் வழி இருக்கிறது. சொந்தக் கணக்கு என்றால் விடமாட்டார்கள்.

நேரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். வீவெக்ஸ் ஒரு நாளின் கணக்கை நள்ளிரவோடு முடித்துவிடும். இந்திய வானிலை ஆய்வு மையத்துக்கு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 2015 டிசம்பர் 2 என்று தேதி போட்டு, தாம்பரத்தில் 49 செ.மீ. என்று இன்றும் சொல்கிறோமே, நள்ளிரவுக் கணக்குப் போட்டால் அதில் பெரும்பகுதி 1ஆம் தேதிக்குப் போய்விடும். ஐப்பசியில் ராத்திரி 11 மணிக்குப் பிடித்து விடியும்வரை கொட்டும் மழையும் அப்படித்தான், இரண்டு துண்டாகி இரண்டு நாளும் சுமாரான மழை போலத் தெரியும். அதனால் தரவுத்தளத்திலிருந்து 8.30க்கு 8.30 என்று நீங்களே கூட்டி எடுங்கள். பதிவு 5 நிமிடத்துக்கு ஒருமுறை விழும் என்பதால் படத்தை 8.40க்கு அனுப்பலாம்.

இனி என் மானம் போன கதை. மடிப்பாக்கத்தில் ஒரு நவம்பர் காலை, தெருவில் முழங்கால் தண்ணீர். என் பாட் அழகான நீல நிறப் படத்தில் ‘மழை: 0.0 மி.மீ.’ என்று போட்டது. குடை சகிதம் மாடியேறிப் பார்த்தால், மழைமானியின் புனலில் காக்கை கொண்டுவந்து போட்ட குச்சியும் வேப்பிலையும். குச்சியை மட்டும் உருவிவிட்டு இறங்கினேன். மறுநாள் சுள்ளென்று வெயில். அடியில் தங்கியிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, பாட் 11 மி.மீ. மழை என்று அறிவித்தது! எதிர்வீட்டு மாமா இப்போதும் என்னைப் பார்த்தால், “இன்னிக்கு உள்ள மழையா, வெளிய மழையா?” என்கிறார்.

அதிலிருந்து இரண்டு ஏற்பாடு. கடைசிப் பதிவு அரை மணிக்கு மேல் பழையதாக இருந்தால் பாட் எண்ணே போடக்கூடாது, ‘தகவல் இல்லை’ என்று மட்டும் போடும். மின்சாரம் போன இரவுகளில் இதுதான் காப்பாற்றுகிறது. ஆனால் புனல் அடைத்தால் இது உதவாது, அங்கே பதிவு ஒழுங்காக வரும், எண்தான் பொய். அதற்கு மாடியில் இன்னொரு மூலையில் கையால் அளக்கும் பிளாஸ்டிக் மழைமானி ஒன்று வைத்தேன். மழை நாளில் 8.30க்குப் போய்ப் பார்க்கிறேன். பத்து நிமிட இடைவெளி எதற்கு என்று புரிந்திருக்கும்: இரண்டும் ஒத்துவராவிட்டால் கைபேசியிலிருந்தே அன்றைய படத்தை நிறுத்திவிடுவேன்.

கேள்வி: என் நிலையம் மதியம் 41 டிகிரி காட்டியது. அதிகாரபூர்வ அளவு 37தான். குழுவில் சண்டை. யார் சொல்வது சரி?
– வாசகர், வேலூர்

பதில்: உங்கள் கருவி தளத்துக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்தால் அது காற்றை விட்டுவிட்டுக் காரையின் சூட்டை அளக்கும். வெயில் மறைப்புக் கூடு போட்டு, ஒரு குழாயில் ஆளுயரத்துக்கு ஏற்றிப் பாருங்கள். அதுவரை படத்தில் ‘மொட்டை மாடி வெப்பம்’ என்று எழுதிவிடுங்கள், சண்டை பாதி அடங்கும்.