கேள்வி – பதில்: கூடவே வரும் நோய்கள்

கேள்வி: ஆறு மாதமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது அளந்தால் 124/80 காட்டுகிறது, உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னும் எதற்கு மாத்திரை?

பதில்: அந்த 124-ஐக் கொண்டுவந்ததே மாத்திரைதான். நீங்கள் நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய அளவுக்கே ஏறிவிடும். ஏறியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது, சிக்கலே அதுதான். பல்வலி வந்தால் நாமே டாக்டரிடம் ஓடுவோம். ரத்த அழுத்தம் வலிக்காது. பத்து இருபது வருடம் சத்தமில்லாமல் ரத்தக்குழாய்களையும் கிட்னியையும் கண்ணின் விழித்திரையையும் கெடுத்துவிட்டு, பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாக வருகிறது.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 மார்ச்சில் ஓர் இதய மருத்துவர் பரிசோதித்தபோது அவருடைய அழுத்தம் 186/108. அதைப் பார்த்தும் பெரிதாகச் செய்ய அன்றைக்கு நல்ல மருந்தே கிடையாது, வயதானால் அழுத்தம் கூடுவது இயற்கைதான் என்று நினைத்த டாக்டர்களும் நிறைய பேர். அடுத்த வருடம் ஏப்ரல் 12-ஆம் தேதி தலை பயங்கரமாக வலிக்கிறது என்றார், மூளையில் ரத்தக்கசிவு, அன்றே இறந்துபோனார். வயது 63. 1948-இல் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் கவனித்த பிறகுதான் உயர் அழுத்தமும் கொழுப்பும் புகையும் இதயத்தை என்ன செய்கின்றன என்பது தெளிவானது. இன்று கைக்கு எட்டும் மாத்திரை இருக்கிறது, ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உயர் அழுத்தம் உள்ள நூறு கோடிக்கும் அதிகமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது. நாள்பட்ட நோய்க்கான மருந்துகளை எழுதிக்கொடுத்தபடி சாப்பிடுபவர்கள் வசதியான நாடுகளில்கூட பாதிப் பேர்தான் என்று அதே நிறுவனம் 2003-இல் சொன்னது. ஆக, நீங்கள் ஒருவர் மட்டும் இப்படி யோசிக்கவில்லை. எடையும் உப்பும் குறைந்தால் டோஸைக் குறைக்க முடியலாம், அதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கேள்வி: நாள்பட்ட நோய் என்றாலே தொற்றாத நோய்தானே?

பதில்: இல்லை. இதயநோய், புற்றுநோய், சர்க்கரை, நாள்பட்ட நுரையீரல் நோய் என்ற நான்கையும் அதிகம் பேசுவதால் அப்படித் தோன்றுகிறது. ஹெபடைடிஸ் பி தொற்றும், உடம்பில் தங்கினால் வருடக்கணக்கில் இருந்து ஈரலைக் கெடுக்கும். எச்ஐவியும் அப்படித்தான். 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்த பிறகு, தினமும் மாத்திரை சாப்பிட்டு நெடுங்காலம் வாழக்கூடிய நோயாக அது மாறிவிட்டது.

கேள்வி: எட்டு வருடமாக முடக்குவாதம். "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார்கள். அதைக் கேட்கும்போது வலியைவிட எரிச்சல் அதிகமாகிறது. நான் என்ன பதில் சொல்ல?

பதில்: பதில் சொல்லாமலும் இருக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் கூட இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் நேற்று முடிந்த வேலை இன்று முடியாது, நாளைக்கு மறுபடி முடியும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. "வலி" என்று மட்டும் சொல்லாமல், "காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது, அதற்கு முன் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்" என்கிற மாதிரி குறிப்பாகச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நோயாளியாக இருப்பதே ஒரு வேலை, சம்பளமில்லாத வேலை. வருடத்துக்கு 8,760 மணி நேரம், அதில் டாக்டர் முன்னால் உட்காருவது மிஞ்சிப்போனால் சில மணி நேரம். மீதி முழுக்க மாத்திரையை நினைவில் வைப்பது, ரத்தப் பரிசோதனை, காப்பீட்டுத் தாள், அலுவலகத்தில் லீவு கேட்பது எல்லாம் உங்கள் தலையில். மே, மோன்டோரி போன்ற ஆய்வாளர்கள் 2009-இல் இதைத்தான் எழுதினார்கள்: சிகிச்சையே ஒரு பாரம், நோயாளியின் வாழ்க்கையில் அது பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுங்கள் என்று. எனவே அடுத்த முறை போகும்போது "இந்த அட்டவணை எனக்கு முடியவில்லை, எதைக் குறைக்கலாம்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மனச்சோர்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள், நீண்டநாள் நோய் உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம், அதற்கும் சிகிச்சை உண்டு.

கேள்வி: வாயைக் கட்டாமல் நோயை வரவழைத்துக்கொண்டவர்களுக்கு எதற்கு மக்கள் வரிப்பணம்?

பதில்: கேள்வியின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பலர் மனதில் இருப்பதை நேராகக் கேட்டுவிட்டீர்கள். டைப் 1 சர்க்கரை நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது, அங்கே வாயைக் கட்டி என்ன ஆகப்போகிறது? மற்ற நோய்களிலும் மரபணு, புகை நிறைந்த காற்று, தூங்கவிடாத ஷிஃப்ட், மலிவாகக் கிடைப்பதெல்லாம் கெட்ட உணவாக இருப்பது என்று நம் கையில் இல்லாத பலவும் சேர்ந்துகொள்கின்றன. தொற்றாத நோய்களால் நேரும் சாவுகளில் சுமார் நான்கில் மூன்று ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான். அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் மனக்கட்டுப்பாடு குறைவா என்ன?

சரி, பணக்கணக்குக்கே வருவோம். கிட்னி போன ஒருவருக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அவர் வேலை போகிறது, கூட்டிக்கொண்டு போகிறவர் வேலையும் பாதி போகிறது. பத்து வருடம் முன்பே பிரஷர், சுகர் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்திருந்தால் இந்தச் செலவைப் பலருக்குத் தவிர்த்தோ தள்ளிப்போட்டோ இருக்கலாம்.

ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவர் 1985-இல் சொன்னது இன்னும் முக்கியம். அதிக ஆபத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர், லேசான ஆபத்தில் இருப்பவர்கள் ஏராளம், அதனால் மொத்த நோயாளிகளில் பெரும்பங்கு அந்த இரண்டாவது கூட்டத்திலிருந்தே வரலாம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆபத்தைக் குறைத்தால்தான் பெரிய பலன். பின்லாந்தின் வட கரேலியாவில் 1972-இல் பெக்கா புஸ்கா குழுவினர் அதைத்தான் ஆரம்பித்தார்கள். வெண்ணெய், உப்பு, புகையிலை மூன்றையும் ஊர் முழுக்கக் குறைக்க வைத்தார்கள். கடைகள், பால்பண்ணைகள், பள்ளிகள் என்று எல்லோரையும் இழுத்துப் போட்டார்கள். உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு சில பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. தனி மனிதர்களைத் திட்டி இது நடக்கவில்லை.

கேள்வி: சர்க்கரையை நிரந்தரமாகக் குணப்படுத்துவதாக விளம்பரம் பார்த்தேன். போகலாமா?

பதில்: எந்த வகை சர்க்கரை என்று கேட்காமலே வாக்குக் கொடுக்கிறார்களா, அப்படியானால் போகாதீர்கள். டைப் 2 வந்து சில வருடங்களே ஆனவர்கள் எடையை நன்றாகக் குறைத்தால் மருந்தில்லாமல் அளவு சரியாக இருக்க வாய்ப்புண்டு. பிரிட்டனில் 2017-இல் வெளியான டைரக்ட் ஆய்வில் அப்படி முயன்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருட முடிவில் அது நடந்தது. அப்புறம் எடை ஏறியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. அதனால் வருடா வருடம் பரிசோதனை கட்டாயம்.

டைப் 1 என்றால் பேச்சுக்கே இடமில்லை. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை அந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்றும் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தை விட்டு உடனே கிளம்பிவிடுங்கள்.