பக்கத்து வீட்டு நாய் என் அம்மாவைக் கடித்துவிட்டது, உரிமையாளர் கண்டுகொள்ளவில்லை. பகை வராமல் என்ன செய்யலாம்?

"பகை வராமல்" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்களும் எங்களைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தனி பங்களாக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார், நேராக வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருப்பார்.

அம்மாவுக்கு இன்னும் ஊசி போடவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கடித்து இரண்டு நாள் ஆகிவிட்டதே என்றெல்லாம் யோசிக்க வேண்டாம், இப்போதும் போடலாம், போட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்கு வட சென்னை தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை. வாரிசு சான்றிதழ் மனு, பட்டா மனு, ஸ்டேஷன் புகார் என்று அடுத்தவர் பிரச்சினையை எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை பரபரத்தது. எங்கள் வீட்டிலும் இது நடந்தது, கடி வாங்கியவர் என் அப்பா. ஹார்பரில் மூட்டை தூக்கி ரிட்டயர் ஆனவர், சர்க்கரை உண்டு.

பக்கத்து வீட்டு அக்காவின் மகன், கொரோனா ஊரடங்கில் வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு கிராஸ் குட்டியை வாங்கி வந்தான். பெயர் டைசன். (குத்துச்சண்டைக்குப் பெயர் போன ஏரியா, எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு டைசன் இருக்கும்.) குட்டியாக இருந்தவரை தெருவே தூக்கிக் கொஞ்சியது. ஊரடங்கு முடிந்ததும் அந்தத் தம்பிக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இரவுதான் வருவான். நாய் மாடிப்படி கிரில்லில் குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கிடந்தது. வெயில், போகிற வருகிறவர் கால், பிள்ளைகள் வீசும் கல், எல்லாம் அதற்குத்தான். அது முறைக்க ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அன்றைக்குக் காலையில் அப்பா டீ குடித்துவிட்டு பேப்பரோடு வந்துகொண்டிருந்தார். கொக்கி கழன்றிருந்தது. ஆடுசதையில் கவ்விவிட்டது. லுங்கி கிழிந்து, இரண்டு இடத்தில் பல் ஆழமாக இறங்கியிருந்தது.

சத்தம் கேட்டு ஓடினால், எனக்கு முன்னால் எதிர்வீட்டுப் பாட்டி மிளகாய்த்தூள் டப்பாவோடு நிற்கிறார். இன்னொருவர் சுண்ணாம்பு தடவச் சொல்கிறார். பாசத்தில் செய்வதுதான், ஆனால் இரண்டுமே கூடாது. அடிபம்ப் பக்கத்தில் அப்பாவை உட்கார வைத்து, துணி சோப்பு கட்டியை எடுத்துக் காயத்தில் நுரை வரத் தேய்த்து, தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினோம். 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பார்கள். அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரிய வேண்டுமானால் அடிபம்ப்பில் அடித்துப் பாருங்கள். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயைத் தரும் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைச் சிதைத்துவிடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

மருத்துவமனை என்றதும் அப்பா வரமாட்டேன் என்றார். சின்ன வயதில் ஒருமுறை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி நாள் தவறாமல் ஊசி வாங்கியவர். அந்தப் பயம் இத்தனை வயதிலும் போகவில்லை. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து, 2000களின் மத்தியிலேயே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள் என்று ஆட்டோவில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே போனேன். உங்கள் அம்மாவும் அந்தக் காலத்து ஆள் என்றால் இதைச் சொல்லுங்கள். இப்போது அரசு மருத்துவமனையில் இரண்டு தோள்பட்டையிலும் தோலுக்குள் சின்னதாகப் போடுகிறார்கள். போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28. தனியாரில் தசையில் போட்டால் 14-ம் நாளும் ஒன்று சேரும். இரண்டும் சரியான முறைதான். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனமாகக் கேட்டு வாங்குங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் மூன்றாம் வகைக் கடி என்பார்கள். அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயே சுற்றிப் போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், அதுவரை தாக்குப்பிடிக்க இது. முதல் ஊசியோடு போடுவதுதான் சரி, விட்டுப்போனால் ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும். தெருமுனை கிளினிக்கில் டெட்டனஸுக்குப் போடும் டிடி ஊசியைக் குத்தி "போய் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டதை நம்பி வீட்டில் படுத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் காயத்துக்குள் போட்டபோது வலியில் என் கையை நெரித்துவிட்டார். அதோடு சரி.

திரும்பி வந்தால் தெருவில் அடுத்த பிரச்சினை. பையன்கள் நாலைந்து பேர் கட்டையோடு நிற்கிறார்கள். "தாத்தாவையே கடிச்சிடுச்சுணா, இன்னிக்கு அத்த வுடக்கூடாது." நான் குறுக்கே போய் நின்றேன். இதைச் சொன்னால் நாய் பாசம் என்று நினைப்பார்கள். எனக்கு அப்போது அந்த நாய்மேல் பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடித்த நாய் 10 நாள் உயிரோடு, கண் பார்வையில் இருக்க வேண்டும். கடிக்கும்போதே எச்சிலில் ரேபிஸ் இருந்திருந்தால் அந்த 10 நாளுக்குள் நாய்க்கு நோய் தெரிந்துவிடும் அல்லது செத்துவிடும். நன்றாக இருந்தால் நமக்கு ஒரு நிம்மதி, மருத்துவருக்கும் ஒரு தகவல். அடித்துக் கொன்றுவிட்டால் அந்தத் தகவல் போச்சு. போதாக்குறைக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-ம் பிரிவில் விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பிஸ்கட்டில் மருந்து வைக்கலாம் என்று உங்களிடமும் யாராவது காதில் ஓதுவார்கள். கேட்காதீர்கள்.

அக்கா வெளியே வந்து, "ஊசியெல்லாம் போட்டிருக்குப்பா, ஒண்ணும் ஆகாது" என்றார். சரிக்கா, கார்டைக் காட்டுங்கள் என்றேன். தேடி எடுத்து வந்தார். ரேபிஸ் தடுப்பூசிக்கு நேரே அடுத்த தேதி எழுதியிருந்தது, அது எப்போதோ கடந்து போயிருந்தது. அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் முகம் மாறியது. நீங்களும் கூச்சப்படாமல் கார்டைக் கேளுங்கள். தேதி சரியாகவே இருந்தாலும் அதை நம்பி அம்மாவின் ஊசியை நிறுத்தாதீர்கள், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இரவு தம்பி வந்தான். வந்ததும் அவன் கேட்டது, "தாத்தா ஏண்ணா எங்க படிக்கட்ட ஒட்டிப் போனாரு?"

இதற்கு நான் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு மனசு ஆறாது. படிக்கட்டை ஒட்டித்தான் போக முடியும். மழைநீர் வடிகாலுக்கு என்று தெருவைத் தோண்டி, கம்பி கட்டி, பாதி சிமெண்ட் ஊற்றி, அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு. வயதானவர்கள் வீட்டு ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கேட்டால் காண்ட்ராக்டர் மாறிவிட்டார் என்கிறார்கள், யார் மாறினார், யார் வந்தார் என்று சொல்ல ஆள் இல்லை. மழை வந்தால் போட்டில் வந்து பால் பாக்கெட் கொடுக்கிறார்கள், அதைப் படம் பிடிக்கவும் ஆள் வருகிறது. அந்தப் பள்ளத்தை மூடத்தான் யாரும் வருவதில்லை. சரி, நாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள், விடுங்கள்.

புகாரை நானே டைப் அடித்தேன். கோபமாக ஒரு வரி கூட இல்லை. தேதி, நேரம், இடம், கொக்கி கழன்றிருந்தது, மருத்துவமனை ஓபி சீட்டு நகல், காயத்தின் படம், தேதி முடிந்த தடுப்பூசி கார்டின் படம். கடைக்கு வருகிறவர்கள் "கொலைவெறி நாய்", "சமூக விரோதிகள்" என்றெல்லாம் எழுதச் சொல்வார்கள். அதெல்லாம் படிப்பவரைச் சிரிக்க வைக்கும், அவ்வளவுதான். ஸ்டேஷனில், "நாய் மேட்டருக்கெல்லாமா சார், பேசி முடிச்சுக்கங்க" என்றார்கள். பேசத்தான் போகிறோம், முதலில் சிஎஸ்ஆர் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்து, உரிமையாளரைக் கைது செய்த விஷயத்தை நினைவுபடுத்தினேன். அதற்கப்புறம் பேச்சு கொஞ்சம் மரியாதையானது. உங்களுக்கும் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன்: வளர்ப்பு விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் அது நியாய சன்ஹிதா 291-ம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289 என்று இருந்ததுதான், அப்போது அபராதம் 1,000. இன்னொரு பக்கம் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்தேன், டைசனுக்கு உரிமம் கிடையாது என்பதையும் சேர்த்து. உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் மாநகராட்சி அறிவித்தது, அதனால் இப்போது உங்கள் கை இன்னும் வலுவாக இருக்கிறது.

சிஎஸ்ஆர் சீட்டு கையில் வந்த பிறகுதான் பேசப் போனேன். இந்த வரிசை முக்கியம். முதலில் பேசி அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனால் "பேசிக்கிட்டே முதுகுல குத்திட்டான்" என்பார்கள். முதலில் சீட்டு வாங்கிவிட்டுப் பேசினால், நாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும். அவர்களுடைய ஹவுஸ் ஓனரையும், தெருவில் இரண்டு பேர் மதிக்கும் ஒரு பெரியவரையும் உட்கார வைத்தோம். பத்திரத்தாள் எல்லாம் வாங்கவில்லை, ஒரு ஏ4 தாள்தான். நாய் படிக்கட்டில் இருக்கக் கூடாது, மொட்டை மாடியில் நிழலும் தண்ணீரும் வைத்துக் கதவு போட வேண்டும். கீழே இறக்கினால் வாய்க்கூடு, பெரிய ஆள் கையில் சங்கிலி. தடுப்பூசி உடனே, உரிமமும். அப்பாவின் ஆட்டோ செலவும் மருந்துச் செலவும் அவர்கள் தர வேண்டும். மீறினால் புகாரைத் தொடர்வேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி கடைசியாக, முறைத்துக்கொண்டே போட்டான்.

செலவு வாங்கியதை "காசு பார்த்துட்டான்" என்று தெருவில் ஒருவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆட்டோக்காரரிடம் வாங்கிய கணக்கும் மெடிக்கல் பில்லும் கொடுத்து, அந்தத் தொகையைத்தான் வாங்கினேன். இங்கேயும் யாராவது அதைச் சொல்வீர்கள், சொல்லுங்கள். "வாயில்லா ஜீவனுக்கு எதிராக ஸ்டேஷனா" என்று கேட்பவர்களுக்கு: அந்த ஜீவன் இன்றைக்கு நிழலில் படுத்திருப்பது அந்தப் புகாரால்தான். "தண்டையார்பேட்டைக்காரன் நாலு தட்டு தட்டாம பேப்பர் தூக்கிட்டு அலைஞ்சானா" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அவர்கள் வட சென்னையை தியேட்டரில் மட்டும் பார்த்தவர்கள். தெருநாய் கடித்தால் என்ன செய்வது என்றும் கேட்காதீர்கள். அதற்குச் சட்டம் வேறு. வீட்டு நாய்க்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்பதால்தான் இவ்வளவும் முடிந்தது.

தம்பி டைசனை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டு வந்தான். உரிமத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க என் கடைக்குத்தான் வந்தான், பக்கத்தில் வேறு கடை இல்லை. நாயின் போட்டோ, ஊசிச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றிக் கொடுத்தேன். சர்வீஸ் சார்ஜ் வாங்கினேன், அதில் என்ன இருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கூடு போட்டு காசிமேடு பக்கம் நடத்திக் கூட்டிப் போகிறான். நாய் முன்னைவிட அடங்கித்தான் இருக்கிறது, ஆனாலும் அது கீழே வரும்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறோம்.

பகை வருமா என்றால், வந்தது. அக்கா என் மனைவியோடு பல மாதம் பேசவில்லை. தண்ணீர் லாரி வந்தால் முன்பெல்லாம் எங்கள் குடத்தையும் சேர்த்து வரிசையில் வைப்பார், அது நின்றுபோனது. இப்போது "லாரி வந்துருச்சு" என்று வாசலில் நின்று பொதுவாகச் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார் என்று சொல்வதில்லை. என் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

உங்கள் விஷயத்தில் நாயின் உரிமையாளரே உங்கள் ஹவுஸ் ஓனரும் என்றால் நான் சொன்ன வரிசை அப்படியே சரிப்படாது, அட்வான்ஸ் பணம் அவர் கையில் இருக்கிறது. அப்படி இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், புகாரை எப்படி எழுதுவது என்று தனியாகச் சொல்கிறேன். அப்புறம், 28-ம் நாள் ஊசிக்குக் கூப்பிட்டால் "காயம்தான் ஆறிப்போச்சே" என்று அம்மா சொல்வார். என் அப்பாவும் சொன்னார். கேட்காமல் கூட்டிப் போங்கள்.