சாதாரண தரம் முடித்த கல்முனைத் தம்பி கடலோரப் பாதுகாப்பில் சேர வழி என்ன?

இலங்கை கடலோரப் பாதுகாப்புத் திணைக்களம் 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது. கடத்தலையும் சட்டவிரோத மீன்பிடியையும் தடுப்பது, உயிர்காப்பு, எண்ணெய்க் கசிவைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அதன் வேலை. கடற்படையில் இருந்தும் பலர் அங்கே இணைக்கப்படுகிறார்கள். அதனால் தம்பி திணைக்களம், கடற்படை இரண்டின் ஆட்சேர்ப்பு அறிவித்தல்களையும் பார்க்க வேண்டும்.

வயது, உயரம், பாடத் தகைமை ஒவ்வொரு அறிவித்தலிலும் மாறலாம். பழையதை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இன்றைக்கே பாருங்கள். 'முகம்மது' ஒன்றில் 'முஹம்மட்' ஆகியிருந்தால், திருத்தி எடுப்பதற்குள் முடிவுத் திகதி போய்விடும்.

நிறப்பார்வையையும் முன்கூட்டியே கண் வைத்தியரிடம் சோதியுங்கள். இரவில் படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு எரியும். எதிரே பச்சை மட்டும் தெரிந்தால் அதன் வலப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். இந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாதவரிடம் சுக்கானைக் கொடுக்க முடியாது.

நீச்சலுக்கு வாவிப் பழக்கம் மட்டும் போதாது. அறுகம்பையில் வெளியே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரைக்கு நேரே நீந்தக் கூடாது, பக்கவாட்டில் விலகித்தான் திரும்ப வேண்டும். தனியே இறங்காமல், தெரிந்தவரோடு பழகட்டும்.