ரொறன்ரோ பூங்காவில் கலியாணம்: கேட்டவையும் என் பதில்களும்

பனி கரையத் தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பார்க் கலியாணம் பற்றியவைதான். ஸ்காபரோ பக்கம் வெளியிடக் கலியாணங்களுக்கு மணவறையும் ஒழுங்குகளும் செய்து வருகிறேன் என்பதால், கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே ஒரேயடியாகப் பதில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். ஹோல் எடுத்தால் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். பார்க்கில் அனுமதி எடுத்தாலும் அது எல்லாருடைய இடமாகவேதான் இருக்கும். நமக்குக் கிடைப்பது ஒரு பகுதி, சில மணி நேரம், சில நிபந்தனைகள். இதை மனதார ஏற்றுக்கொள்கிற குடும்பத்துக்குப் பார்க் கலியாணம் போல அழகானது வேறில்லை.

கேள்வி: அக்கா, ரொறன்ரோவில் எல்லாப் பார்க்குக்கும் சிட்டியிடம்தானே அனுமதி கேட்க வேண்டும்?

இல்லை தங்கச்சி. முதலில் அந்த நிலம் யாருடையது என்று பாருங்கள். எட்வர்ட்ஸ் கார்டன்ஸ், ஹை பார்க், றொசெற்றா மக்ளெய்ன் கார்டன்ஸ் எல்லாம் ரொறன்ரோ நகரத்தின் பராமரிப்பில் இருப்பவை. ரூஜ் தேசிய நகரப் பூங்கா 2015இல் மத்திய அரசின் சட்டத்தால் உருவானது. அதற்குப் பார்க்ஸ் கனடாவிடம்தான் போக வேண்டும். பிளாக் கிரீக், கோர்ட்றைட் போன்ற இடங்கள் நீர்நிலைப் பாதுகாப்பு ஆணையத்தின் கையில் இருக்கின்றன. மார்க்கம், ஏஜக்ஸ் நகரங்களுக்குத் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கட்டணம்.

ஒரே வேலிக்குள்ளேயே இரண்டு பொறுப்பாளர்கள் இருக்கிற இடமும் உண்டு. கில்ட் பார்க் அப்படி. அங்குள்ள மண்டபத்தை ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது, சுற்றியுள்ள பூங்கா நகரத்தினுடையது. 1966இல் இடித்த பாங்க் ஒஃப் ரொறன்ரோ கட்டடத்தின் தூண்களைக் கொண்டு எழுப்பிய கிரேக்க அரங்கு அந்தப் பூங்காவில்தான் நிற்கிறது. மண்டபத்துக்குப் பணம் கட்டிவிட்டு, தூண்களுக்கு முன்னால் தாலி கட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். எந்தக் கடிதத்தில் எந்த இடம் எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: பிக்னிக் பெர்மிட் மலிவாக இருக்கிறதே. அதை எடுத்துவிட்டுச் சின்னதாகத் தாலி கட்டை முடித்தால் என்ன?

செய்யாதீர்கள். ரொறன்ரோவில் 25 பேருக்கு மேல் கூடினாலே பிக்னிக் பெர்மிட் வேண்டும். ஆனால் அது மேசை போட்டுச் சாப்பிடுவதற்கான அனுமதி. மணவறை, வாடகைக் கதிரை, ஒலிபெருக்கி எல்லாம் வந்து இறங்கினால் அது வேறு நிகழ்ச்சி ஆகிவிடும். பார்க் ஊழியர் வந்து நிறுத்தச் சொன்னால், கூறைச்சேலையுடன் நிற்கிற பிள்ளைக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: எத்தனை பேர், எத்தனை கதிரை, மேடையின் நீள அகலம், வாத்தியம், சாப்பாடு. எழுதினால் மறுத்துவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். மறுத்தாலும் முன்கூட்டியே மறுக்கட்டும். வேறு இடம் பார்க்க நேரம் இருக்கும்.

காப்பீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொதுவாக 20 இலட்சம் டொலருக்கான பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள், அதில் நகரத்தின் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள். இதை ஒரு நாளுக்கு மட்டும் வாங்கலாம். படப்பிடிப்புக்கும் சில தோட்டங்களில் தனி அனுமதி வேண்டும். ட்ரோன் வேண்டாம்.

கேள்வி: ஹோமம் வளர்க்கலாமா? ஐயர் அக்கினி இல்லாமல் செய்ய மாட்டார்.

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். ஒன்ராறியோ தீ விதிகளின்படி திறந்த வெளியில் நெருப்பு மூட்ட அனுமதி வேண்டும். சமையலுக்கான சிறு நெருப்புக்கு விலக்கு உண்டு. "பார்பிக்யூ விடுகிறார்கள்தானே" என்று வாதாடி ஹோமத்தை அதற்குள் அடக்க முடியாது. எனவே பூங்கா அலுவலகத்திடமும் தீயணைப்புத் துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். குண்டத்தின் அளவு, எவ்வளவு நேரம் எரியும், அடியில் என்ன விரிப்பீர்கள், அணைக்க என்ன வைத்திருப்பீர்கள் என்பதை ஒரு படத்துடன் அனுப்புங்கள். "யாகம்" என்று மட்டும் எழுதினால் அவர்கள் பெரிய தீயைக் கற்பனை செய்துகொள்வார்கள். ஒரு சாண் உயரச் செப்புக் குண்டம், நாலைந்து சமித்து, நெய் என்று விளக்கினால் பேச இடம் உண்டு.

அனுமதி கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. அக்கினி காரியங்களை அன்று காலையில் கோயிலில் முடித்துவிட்டு, தாலி கட்டை மட்டும் பார்க்கில் வைக்கலாம். சில ஐயர்மார் இதற்குச் சம்மதிப்பார்கள், சிலர் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே இடம் பதியும் முன்பே ஐயரிடம் கேட்டுவிடுங்கள். அக்கினி சாட்சியாகத்தான் தாலி ஏற வேண்டும் என்பது உங்கள் குடும்பத்தின் உறுதி என்றால், பார்க்கை விட்டுவிடுங்கள். அந்த உறுதி நியாயமானது. ஒரு பின்னணிக் காட்சிக்காக அதை வளைக்க வேண்டாம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? முகூர்த்த நேரத்துக்கும் பெர்மிட் நேரத்துக்கும் எப்படிப் பொருத்துவது?

நம் ஆட்கள் ஆடியில் கலியாணம் வைப்பதில்லை. ஜூலை நடுவில் இருந்து ஓகஸ்ட் நடு வரை, நல்ல வெயில் காலம் முழுக்க, அதோடு போய்விடுகிறது. மிச்சம் ஆனியும் ஆவணியும். அந்தச் சனி ஞாயிறுகளுக்கு ஊரெல்லாம் போட்டி. முதலில் நாள் குறித்துவிட்டு இடம் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஐயரிடம் மூன்று நான்கு நாட்கள் எழுதி வாங்கிக்கொண்டு, அவற்றில் எது காலியாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி. ரொறன்ரோவுக்குக் கணித்த பஞ்சாங்கமா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெர்மிட் நேரத்துக்குள் ஏற்றி இறக்குவதும் அடங்கும். காலை 10 மணிக்கு முகூர்த்தம் என்றால் 9 மணிக்கு அனுமதி எடுத்துப் பயனில்லை. மணவறை கட்டவே இரண்டு மணி நேரம் போகும், லொறி நிற்கிற இடத்தில் இருந்து தூக்கிக்கொண்டு வர அதற்கு மேலும் பிடிக்கும். முடிகிற நேரமும் அப்படித்தான். 2 மணிக்கு முடிகிறது என்றால் 2 மணிக்குப் புல்தரை வெறுமையாக இருக்க வேண்டும். அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும்.

கேள்வி: அம்மம்மா சக்கர நாற்காலியில். அவவுக்குத் தோதான இடம் சொல்லுங்கோ.

நான் றொசெற்றா மக்ளெய்ன் கார்டன்ஸைத்தான் முதலில் போய்ப் பார்க்கச் சொல்வேன். கிங்ஸ்ரன் வீதியில், ஒன்ராறியோ ஏரியைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது. ஒருவர் தன் மனைவியின் நினைவாக நகரத்துக்குக் கொடுத்த நிலம் அது. பாதைகள் சமமாக இருக்கும். பார்வை குறைந்தவர்கள் தொட்டும் முகர்ந்தும் அனுபவிக்கும்படி உயர்த்திக் கட்டிய பாத்திகளும் உண்டு. நாய், சைக்கிள் உள்ளே விடுவதில்லை. ஆனால் சக்கரம் பாதையில் ஓடும், புல்லில் புதையும். அதனால் மணவறையைப் பாதையின் ஓரமாக வைக்க அனுமதி கேளுங்கள். அம்மம்மா முதல் வரிசையில், பாதையிலேயே இருந்து பார்க்கட்டும். கழிப்பறை எவ்வளவு தூரம், கார் எதுவரை வரும் என்பதை நீங்களே நடந்து அளந்து பாருங்கள்.

ஏரிக்கரைப் புல்வெளிகள் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. கனடா வாத்துகள் கூட்டம் கூட்டமாக மேயும், புல்லெல்லாம் எச்சமாக இருக்கும். மற்றவர்கள் சப்பாத்தோடு நிற்பார்கள். நாம் வெறுங்காலோடு, பட்டுவேட்டியோடு மணவறையைச் சுற்றி வருகிறவர்கள். வலம் வருகிற வழி முழுக்க விரிக்கும் அளவுக்குக் கம்பளம் கொண்டு போங்கள். இடம் பார்க்கப் போவதையும் காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உண்மை நிலை தெரியும்.

கேள்வி: கூடாரம் அடிக்க என்னென்ன வேண்டும்? நீங்கள் சொல்லுங்கோ அக்கா.

ஒன்ராறியோவில் 60 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கூடாரத்துக்குக் கட்டட அனுமதி தேவை. வாடகைக் கடைகளில் கூடாரத்தை அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். 20க்கு 30 அடி என்றால் 56 சதுர மீற்றருக்குக் கிட்ட, எல்லைக்குள் இருக்கும். 20க்கு 40 எடுத்தால் 74, தாண்டிவிடும். கட்டடத்தில் ஒட்டாமலும் குறைந்தது 3 மீற்றர் தள்ளியும் நிற்க வேண்டும். நிலத்தில் ஆணி அடிப்பதாக இருந்தால், ஒன்ராறியோ ஒன் கோலிடம் சொல்லி நிலத்தடிக் குழாய், வயர்களை அடையாளம் போடச் செய்ய வேண்டும். அது இலவசம், ஆனால் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். பல பூங்காக்களில் ஆணியே அடிக்க விடுவதில்லை. அங்கே தண்ணீர்ப் பீப்பாய் கட்டித்தான் நிறுத்துவார்கள். ஏரிக்காற்றுக்கு அந்தப் பாரம் காணுமா என்று வாடகைக்காரரிடம் விடாமல் கேளுங்கள். நிலத்தைத் தோண்டுவதும் இதே சிக்கல் என்பதால், கன்னிக்கால் நடுவதை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேளம், நாதஸ்வரம்?

ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் மைக்கே தேவையில்லை, ஆனால் விண்ணப்பத்தில் வாத்தியம் என்று கட்டாயம் எழுதுங்கள். பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்தால் காட்ட உங்கள் கையில் எழுத்து இருக்கும். ஐயரின் மந்திரம் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும்.

கேள்வி: 350 பேர். பார்க்கிலேயே சாப்பாடும் கொடுத்தால் மலிவாக முடியாதா?

முடியாது. கூடாரம், மேசை, கழிப்பறை வண்டி, ஜெனரேற்றர், குப்பை அகற்றல் என்று கூட்டிப் பாருங்கள், ஹோல் செலவைத் தொட்டுவிடும். வெயிலில் மூன்று மணி நேரம் நிற்கிற சோறும் கறியும் ஆபத்து. ஓகஸ்ட் கடைசியில் குளவிகள் இனிப்பைத் தேடி வரும். என் எண்ணம் இதுதான்: 60, 80 பேருடன் பார்க்கில் தாலி கட்டு, மோர், குளிர்பானம், பலகாரப் பொதி. மாலையில் ஹோலில் எல்லாச் சனத்துக்கும் விருந்து. மற்றக் குடும்பங்கள் பிள்ளைகளுடன் வருகிற இடத்தை 350 பேர் நாள் முழுக்க நிரப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: பார்க்கில் இப்போது குடிக்கலாம் என்கிறார்களே?

ரொறன்ரோவில் 2023இல் சோதனையாகத் தொடங்கி 2024இல் நிரந்தரமாக்கினார்கள். அது குறிப்பிட்ட சில பூங்காக்களில் 19 வயதானவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைக் குடிப்பதற்கு. கலியாணத்தில் பரிமாறுவது வேறு விஷயம். அதற்கு மாகாணத்தின் சிறப்பு நிகழ்வு அனுமதி எடுக்க வேண்டும், வெளியிடம் என்றால் நகராட்சிக்கு 30 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். இதையும் ஹோலுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: அறுகரிசி போடலாமா?

அரிசி, பூவிதழ், காகிதத்துகள் எதையும் தூவக் கூடாது என்று பல பெர்மிட்டுகளில் இருக்கும். நான் செய்வது இப்படி. மணவறைக்கு அடியில் அகலமான துணி ஒன்றை விரித்து, பெரியவர்களைத் தட்டோடு ஒவ்வொருவராக மேலே வரச் சொல்வேன். அரிசி முழுவதும் துணியிலேயே விழும். முடிந்ததும் நாலு முனையையும் பிடித்துச் சுருட்டி எடுத்துவிடலாம். தூர இருந்து எறிவதை விட, கிட்ட வந்து தலையில் போட்டு ஆசீர்வதிப்பது படத்திலும் அழகாக விழுகிறது. இந்த ஏற்பாட்டையும் முன்பே அலுவலகத்திடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மழை வந்தால்?

மழைக்காகக் கட்டணம் திரும்பும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரண்டாவது இடம் ஒன்றை, ஒரு வீட்டின் பெரிய ஹோலாக இருந்தாலும், முதலே பேசி வையுங்கள். முடிவெடுக்கிற ஆளும் ஒருவராகவே இருக்கட்டும். முதல் நாள் மாலை அவர் சொன்னால் அதுதான் முடிவு. இடியோடு மழை என்று முன்னறிவிப்பு இருந்தால் மரத்தடியும் இரும்புக் கூடாரமும் பாதுகாப்பில்லை.

கேள்வி: பதிவுத் திருமணத்தையும் அங்கேயே செய்யலாமா?

தாராளமாக. ஒன்ராறியோ திருமண உரிமம் எடுத்த நாளில் இருந்து 90 நாட்களுக்குச் செல்லும், மாகாணத்தில் எந்த இடத்திலும் பயன்படுத்தலாம். நடத்தி வைப்பவர் மாகாணத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். எல்லா ஐயரும் பதிவு செய்தவர்கள் அல்ல, கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சிகள் இருவர் வேண்டும். கையெழுத்து வைக்க ஒரு சின்ன மேசையும், காற்றில் தாள் பறக்காமல் வைக்க ஏதாவது பாரமும் கொண்டு போங்கள். நடத்தி வைத்தவர் அந்தத் தாளை மாகாணத்துக்கு அனுப்புவார். திருமணச் சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது. பதிவு முடிந்த பிறகு நீங்கள்தான் மாகாண அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில் விண்ணப்பித்துப் பணம் கட்டி எடுக்க வேண்டும்.