சட்டமன்றம் கூடும்போது உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும்?

எனக்கு ஓட்டு கேரளத்துத் தேவிகுளத்தில். மூணாறு, மறையூர், வட்டவடை எல்லாம் இந்தத் தொகுதிக்குள் வரும். பதவியேற்பு என்றாலே எங்கள் தொகுதிக்கு ஒரு விசித்திரமான ராசி உண்டு. 1957-ல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதல் ஆளாக உறுதிமொழி எடுத்தவர் எங்கள் ரோசம்மா புன்னூஸ்தான். அப்புறம் அந்த வெற்றியே செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தலில் நின்று மறுபடி ஜெயித்தார். 2021-ல் இங்கே ஜெயித்த ஏ. ராஜா தமிழில் பதவியேற்றார். படித்த தமிழ் வாசகத்தில் கடவுள் பெயராலா, உளமாரவா என்று சொல்ல வேண்டிய இடமே விடுபட்டிருந்தது. திரும்பவும் பதவியேற்க வேண்டியதாயிற்று, 2,500 ரூபாய் அபராதம் வேறு.

தமிழில் உறுதிமொழி எடுத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சபை கூடிய முதல் வாரத்தில் எங்கள் எம்.எல்.ஏ. யாராக இருந்தாலும் நான் எதிர்பார்ப்பது வேறு: ரிட்டயர் ஆன தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு வீடு எங்கே என்று எழுத்தில் ஒரு கேள்வி.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் அளவுக்குத் திண்ணை. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நல்லதுதான். ஆனால் வேலை இருக்கிறவரைதான் அந்த வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அப்பா ரிட்டயர் ஆன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். தோட்டத்து ஆபீசில் கிளார்க் மரியாதையாகத்தான் பேசினார். "சாவிய ஒப்படைச்சிட்டு கிராஜுவிட்டி செக்க வாங்கிக்கோங்க அண்ணாச்சி." கிராஜுவிட்டி வந்தால்தான் எங்கேயாவது மூன்று சென்ட் வாங்க முடியும். வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி வரும். அதை 30 நாளில் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இருப்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்தவர். அங்கே எங்களுக்கு இப்போது ஒரு செங்கல்கூடக் கிடையாது.

கடைசியில் அண்ணிதான் தோட்டத்தில் பேர் கொடுத்தார். பி.காம். படித்தவர். மூணாறில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளப் போனது சம்பளத்துக்காக இல்லை, அந்த ஓர் அறைக்காக. எங்கள் லயத்தில் மட்டும் இப்படி இன்னும் இரண்டு வீடு உண்டு.

2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கிக் காட்டினார்கள். பெண்கள் ஒற்றுமை என்று நாடே பேசியது. வீட்டு விஷயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பிழைத்த குடும்பங்களுக்கு அரசு நிலத்தில், குற்றியார்வாலியில் எட்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அப்படியென்றால் மனசு வைத்தால் நிலம் கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, இதைச் சபையில் பேசினால் போதாதா என்று கேட்கலாம். கவர்னர் உரை மேல் நடக்கும் விவாதத்தில் பேசலாம், மறுநாள் பேப்பரிலும் வரும், டவுனில் ஒரு ஃபிளெக்ஸும் வைப்பார்கள். பேச்சுக்கு எந்த ஃபைலும் நகராது. கேள்விக்கு நகரும். நட்சத்திரக் கேள்வி என்றால் மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் ஒரு நாள் பட்டியலில் முதல் சில கேள்விகளுக்குள்ளேயே கேள்வி நேரம் முடிந்துவிடும். அதனால் நான் கேட்டால் நட்சத்திரமில்லாத கேள்வியே போதும் என்பேன். எழுத்தில் பதில் வரும். அதற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து தாலுகா ஆபீஸ் வரைக்கும் யாராவது உட்கார்ந்து எண்ணியாக வேண்டும். எண்ணி எழுதியதை அப்புறம் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். கடந்த ஐந்து வருஷத்தில் தேவிகுளம் தாலுகாத் தோட்டங்களில் ரிட்டயர் ஆனவர்கள் எத்தனை பேர்? அதில் சொந்தமாக நிலமோ வீடோ இல்லாதவர்கள் எத்தனை பேர்? கிராஜுவிட்டி 30 நாளுக்குள் கிடைத்தது எத்தனை பேருக்கு? வீடில்லாதவர்களுக்கான கேரள அரசின் லைஃப் திட்டத்தில் இவர்களில் யாருக்காவது வீடு கிடைத்ததா? இந்த நாலு போதும். சுற்றுலா, யானை, மூணாறு மலைப்பாதையான கேப் ரோடு எல்லாவற்றுக்கும் கேட்க ஆள் இருக்கிறது.

போன தடவை கூட்டத்தொடருக்கு முன்னால் இதையே தமிழில் எழுதி எம்.எல்.ஏ. ஆபீசில் கொடுத்தேன். கேரளத்துத் தமிழர்கள் அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வாங்கிக்கொண்ட பையன் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவுக்கும் அடுத்த வருஷம் சர்வீஸ் முடியுதுண்ணே" என்றான். கேள்வி போனதா என்று தெரியவில்லை. இந்தத் தடவை கூட்டத்தொடர் தேதி வந்ததும் மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பிரதி கொடுக்கப் போகிறேன்.

அண்ணிக்கு இன்னும் பதினெட்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.